சம்பவத்துக்கு முன் நடந்தது

மார்ச் 29, புதன்

ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் நான்கே நான்கு கோடுதான் விட்டிருக்கிறார்கள். 'சம்பவத்துக்கு முன் நடந்தது' என்று தலைப்பு, கீழே நான்கு கோடு. 'சம்பவம்' என்ற இடத்தில் பத்துக் கோடு. 'காயத்தின் விவரம்' என்ற இடத்தில் ஒரு மனித உருவத்தையே வரைந்து, அடிபட்ட இடத்தில் பெருக்கல் குறி போடு என்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைப்பதுபோல.

இடது மணிக்கட்டில் ஒரு குறி போட்டேன். 'சம்பவம்' பகுதியில் எழுதினேன்: மார்ச் 13, மதியம் பன்னிரண்டே முக்கால். அவசர சிகிச்சைப் பிரிவில் இறந்துபோன நோயாளி சண்முகக்கனியின் கணவர் லிங்கதுரை என்னைப் பிடித்துத் தள்ளினார். கட்டு போடும் தள்ளுவண்டி மேல் விழுந்து கை எலும்பு முறிந்தது. கதவுக் கண்ணாடியும் உடைந்தது. முன் நடந்தது என்ற இடத்தில் 'குறிப்பிடும்படி எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, என்றைக்கும் இல்லாத திருநாளாய் டைரியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். இது என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த டைரி, ஏதோ எண்ணெய்க் கம்பெனி கொடுத்தது. பழைய வருடம், கிழமை எதுவும் பொருந்தாது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு மேலே என் தேதியைப் போட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 30, வியாழன்

மாவுக்கட்டு எடுக்கும்வரை எனக்கு லேசான வேலையாம். பிறப்பு இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் கவுன்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். பத்தொன்பது வருடம் காஷுவாலிட்டியில் நர்ஸாக ஓடியவளை நாற்காலியில் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும்? மதியம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். எதிரே நின்ற தாத்தா, பேத்தியின் பெயரில் எழுத்துப் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பயந்துபோனார்.

வேலை இதுதான். ஆதார் ஜெராக்ஸை வாங்கி நோட்டில் ஒட்டிவிட்டுச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். வாங்க ஆள் வராதவை ஒரு தகரப் பெட்டியில் கிடக்கின்றன. சாயங்காலம் பெட்டியை அடுக்கும்போது மேலாகவே இருந்தது: சண்முகக்கனி, வயது 38. அதை எடுத்து அடியில் வைத்தேன்.

ஏப்ரல் 1, சனி

மஸ்கட்டில் இருக்கும் ஷாஜி இன்றும் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, புதன்

பயிற்சி ஆரம்பித்துவிட்டார்கள். கோபமாக வரும் ஆட்களைச் சமாளிப்பது எப்படி என்று எட்டு வாரம், புதன்கிழமை தோறும் நர்சிங் ஸ்கூல் ஹாலில். என் கை முறிந்த பிறகு எங்கள் சங்கம் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தியதல்லவா, அதற்கு நிர்வாகம் கொடுத்த மருந்து. கண்ணாடிக்குப் பதில் புதுக் கண்ணாடி, கைக்குப் பதில் வகுப்பு.

பாடம் நடத்துவது மனநலப் பிரிவிலிருந்து வந்திருக்கும் ஜைனப். இருபத்தெட்டு வயதுகூட இருக்காது. குரல் அப்படி ஒரு மெல்லிசு. நாலு குடிகாரர்கள் ஒன்றாக வந்தால் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று பக்கத்தில் இருந்த செல்வராணியிடம் கேட்டேன். செல்வராணி என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள், சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். எனக்காகக் கோஷம் போட்டுத் தொண்டை கட்டிப்போனவள். "கேட்டு வைப்போம்க்கா, கையெழுத்து போட்டாச்சுல்லா" என்றாள்.

முதல் பாடம், 'டென்ஷன் ஆகாதீங்க' என்று யாரிடமும் சொல்லக் கூடாதாம். உலகத்தில் அந்த வார்த்தையைக் கேட்டு டென்ஷன் குறைந்தவர் ஒருவர்கூட இல்லை என்றாள் ஜைனப். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து, நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள், இரண்டு கை நீளம் இடம் விடுங்கள், அவருக்கும் கதவுக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள் என்றாள். அன்றைக்கு நான் நின்றது கதவுக்கு நேர் நடுவில்.

ஏப்ரல் 7, வெள்ளி

பெரிய வெள்ளி. மூன்று மணி ஆராதனைக்குப் போனேன். சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பிரசங்கித்தார்கள். ஐந்தாவதுக்கு மேல் உட்கார முடியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றேன். ஏழு வார்த்தையாம். ஏழையும் பக்கத்தில் இருந்து யாரோ கேட்டிருக்கிறார்கள், இன்றைக்கும் வாசிக்கிறோம். எனக்கு ஒன்று போதும். ஒன்றே ஒன்று.

அவர் போய் இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. மஸ்கட்டில், தங்கியிருந்த அறையில், மத்தியானம், மாரடைப்பு. பத்தொன்பதாம் நாள் பெட்டியில் வந்தார். எத்தனை பேருக்கு நான் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன், ஜெபராஜுக்கு யார் மூடிவிட்டார்கள் என்றுகூடத் தெரியாது. கூட இருந்தது அறைக்கூட்டாளி ஷாஜி, கொல்லத்துக்காரர். கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டால், "ஒண்ணும் சொல்லலை சேச்சி, உறக்கத்தில் போயி" என்பார். மத்தியானத்தில் உறங்குகிற ஆளா அவர்? நான் விடாமல் கேட்டேன். சத்தம் போட்டேன். ஒருநாள் பொய்யன் என்றேன். அதற்குப் பிறகு ஷாஜி எடுப்பதில்லை.

பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஒரு ஆள் போய்விட்டால் பேச்சே போய்விடுகிறது. அவர் இருந்தபோதும் வருடத்தில் ஒரு மாதம்தான் இருப்பார். ஆனாலும் தினமும் ஏழு மணிக்குப் போன் வரும். இன்றைக்கும் ஏழு மணி ஆனால் எனக்கு வேறு வேலை ஓடுவதில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

பதினோரு மணிக்குக் கவுன்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். ஜெராக்ஸைக் கேட்டேன். அதற்கு வரவில்லை என்றாள். பெயர் பேச்சியம்மாள், லிங்கதுரையின் அக்கா. அவன் வியாழக்கிழமை ஜாமீனில் வந்துவிட்டானாம். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் காலை வைக்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு. ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், கேஸ் இருக்கிறவனிடம் பிள்ளைகளை விட மாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். கேஸை வாபஸ் வாங்கு என்று அழப்போகிறாள் என்று நினைத்து, அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்தேன்.

அவள் அதைக் கேட்கவே இல்லை.

"அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டு வரச் சொன்னான் சிஸ்டர். கனி போகும்போது எதாச்சும் சொன்னாளா? நீங்கதான் பக்கத்துல நின்னீயளாம்."

வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறது, இதெல்லாம் இங்கே பேசுகிற விஷயமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை.

சொன்னாள். சண்முகக்கனி ஒரு வார்த்தை சொன்னாள். அதைக் கேட்டது நான் ஒருத்திதான், அது இருப்பது என்னிடம் மட்டும்தான். லிங்கதுரை அப்போது வெளியே ஒரு வேலையாகப் போயிருந்தான். நான் சொன்னால், எங்கே போயிருந்தான் என்று வரும். ஏன் போனான் என்று வரும்.

அவனுடைய செருப்பும் என் லாக்கரில்தான் கிடக்கிறது. கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டுப் போனது. போலீஸ் எடுக்கவில்லை, தூய்மைப் பணியாளர் தூக்கிப் போடப் போனார், நான்தான் வாங்கி வைத்தேன். ஏன் என்று என்னைக் கேட்டால்?

ஏப்ரல் 12, புதன்

இன்று நடிப்பு வகுப்பு. ஜைனப் கோபக்கார உறவினர், நாங்கள் ஆளுக்கு ஒரு தரம் நர்ஸ். அந்த மெல்லிசுக் குரல்காரி துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு கத்தினாள் பாருங்கள், ஹால் அதிர்ந்தது. "எங்க அப்பா மூச்சு விட முடியாம கிடக்காரு, நீங்க என்ன செஞ்சிக்கிட்டிருக்கீங்க?" ஒருத்தி பயந்து உளறினாள். ஒருத்தி பதிலுக்குக் கத்தினாள். செல்வராணி, "போலீஸக் கூப்பிடட்டா?" என்றாள்.

என் முறை வந்தது. யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. "ஆதார், காப்பீட்டு அட்டை, ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. அப்பத்தான் மேல அனுப்ப முடியும்."

ஹாலே விழுந்து சிரித்தது. எல்லாருக்கும் தெரியும். இந்த ஆஸ்பத்திரியில் யார் ரொம்பச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு ஜெராக்ஸ். அது தேவையா இல்லையா என்பது வேறு. கூட்டம் கலையும், சத்தம் இறங்கும், நமக்குக் கால் மணி நேரம் மூச்சு விட இடம் கிடைக்கும். ஆரம்பித்து வைத்தது நான். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததும் நான்.

ஜைனபுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோபத்தில் இருப்பவருக்குச் செய்ய ஒரு வேலை கொடுப்பது நல்ல முறைதான் மேடம், புத்தகத்திலேயே இருக்கிறது, நீங்கள் படிக்காமலே கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்றாள். மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பப்போகும் கையேட்டில் உங்கள் பெயரோடு போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

ஏப்ரல் 13, வியாழன்

கையேட்டில் வந்துவிட்டால் அது என்னை விட்டுப் போய்விடும். யார் யாரோ செய்வார்கள். அதனால் இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அன்றைக்குப் பதினொன்றரைக்கு ஒரு பஸ் கவிழ்ந்து பதினாலு பேர் வந்தார்கள். நாங்கள் மூன்று நர்ஸ், ஒரு டாக்டர். அந்த நேரம் பார்த்து லிங்கதுரை சண்முகக்கனியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். சின்ன வயதிலிருந்தே இதய வால்வு கோளாறு. மூலைக் கட்டிலில் போட்டு ஆக்சிஜன் வைத்தோம், ஈசிஜி எடுத்தோம், டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டேன். செருப்பைக் கழற்று என்று யாரோ அதட்ட, அவன் கட்டிலுக்கு அடியில் கழற்றிவிட்டான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம், ஏன் ஒருத்தரும் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள் என்று ஆரம்பித்தான். குரல் ஏறியது. பஸ்ஸில் அடிபட்டவர்களின் ஆட்களும் சேர்ந்துகொள்ளப் பார்த்தார்கள். எனக்கு அந்தச் சூடு தெரியும். இன்னும் இரண்டு நிமிடத்தில் கை ஓங்கிவிடுவார்கள்.

ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க என்றேன்.

உடனே அடங்கிவிட்டான். அதுதான் என்னைக் கொல்கிறது. செய்ய ஒன்று கிடைத்துவிட்டதே என்று அவன் முகத்தில் ஒரு நன்றி. "இந்தா வந்துட்டேன் சிஸ்டர்" என்று ஓடினான். அந்தத் தாள் அப்போது யாருக்கும் வேண்டாம். அது வேண்டியது வார்டுக்குப் போன பிறகு, அதுவும் மறுநாள். எதிர்க்கடையில் கரன்ட் இல்லை. அவன் பஸ் ஸ்டாண்டு வரை ஓடியிருக்கிறான்.

ஒன்பது நிமிடம் கழித்து அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். சொன்னாள். அதற்குப் பிறகு மூச்சு நின்றுவிட்டது. டாக்டரும் நானும் இருபது நிமிடம் நெஞ்சை அழுத்திப் பார்த்தோம்.

அவன் வேர்க்க விறுவிறுக்க வந்தான். கையில் தாள்கள். இதை யாரிடம் கொடுக்க வேண்டும் சிஸ்டர் என்று கேட்டான். கோபமே இல்லை, சிரித்த முகம். நான் கதவை மறித்து நின்று, "டென்ஷன் ஆகாதீங்க" என்றேன்.

அதில்தான் அவனுக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 15, சனி

கையேடு அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கக் கொடுத்தார்கள். பக்கம் ஏழு, 'தங்கபுஷ்பம் சிஸ்டர் முறை'. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

ஷாஜிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 19, புதன்

சொல்லிவிட்டேன். வகுப்பு தொடங்கியதும் எழுந்து, பக்கம் ஏழை எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்றாள் ஜைனப். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அது அவனுக்கு உரியது.

யாரும் சிரிக்கவில்லை. ஜைனப் ஆறுதல் சொல்லுவாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். அடிப்பாவி, என்னிடமே பாடத்தைச் செய்து பார்க்கிறாளே என்று நினைத்தேன். ஆனால் அது எனக்கு நன்றாக இருந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"வேலை கொடுத்தது தப்பில்ல மேடம். அந்த வேலைய கட்டிலுக்குப் பக்கத்துலயே குடுத்திருக்கலாம்."

இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. எனக்குப் பத்தொன்பது வருடத்தில் தோன்றவில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

செல்வராணி கவுன்டருக்கு வந்து நின்று சண்டை போட்டாள். உனக்காகத்தானே வெயிலில் நின்று கோஷம் போட்டோம், இப்போது நீயே அவனுக்கு வக்கீலாகிவிட்டாயே என்றாள். "நாளைக்கி இன்னொருத்தன் இன்னொரு பிள்ளை கைய ஒடிப்பான். அவனுக்கும் ஒரு காரணம் இருக்கும். அப்ப என்னக்கா சொல்லுவ?"

அவள் சொல்வதும் நியாயம்தான். அடித்தது தப்பு, அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. கை இன்னும் வலிக்கிறது. அதையும் எழுதுவேன், இதையும் எழுதுவேன் என்றேன். அவள் டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். மதியம் அதை அவள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஸ்டேஷனுக்கும் போனேன். கூடுதல் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றதும் சப்-இன்ஸ்பெக்டர், இதெல்லாம் கேஸுக்குத் தேவையில்லாத கதை மேடம் என்றார். எனக்குத் தேவை என்றேன். எழுதிக்கொண்டார். கேஸ் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

மாவுக்கட்டு எடுத்தார்கள். கை வெளுத்துச் சுருங்கி, யாருடைய கையோ போல இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் காஷுவாலிட்டிக்குள் சத்தம். கால்கள் என்னைக் கேட்காமலே போய்விட்டன. பக்கவாதம் வந்த ஒரு பெரியவர், மகன் இரும்பு ஸ்டூலைக் கையில் தூக்கி வைத்திருக்கிறான். செல்வராணி வாயைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்ததும் மூடினாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அவனுக்குப் பக்கவாட்டில் போய் நின்றேன், கதவு அவனுக்குத் திறந்திருக்கும்படி. பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிதாகப் பிரித்த கை வேறு. பேர் என்ன என்று கேட்டேன். இன்னொரு தரம் கேட்டேன். முத்துராசு என்றான். "முத்துராசு, அப்பா காலைப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க. கால் சில்லுனு ஆனா என்னையக் கூப்பிடணும். டாக்டர் பத்து நிமிஷத்துல வருவார். வரலைன்னா நானே போய்க் கூட்டிட்டு வாரேன்."

ஸ்டூலைக் கீழே வைத்தான். காலைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் குனிந்து அப்பாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான், அவரும் கோணிய வாயால் என்னவோ சொன்னார். எட்டாவது நிமிடம் நானே டாக்டரைக் கூட்டி வந்தேன்.

செல்வராணி போகும்போது என் வெளுத்த கையை ஒரு முறை திருப்பிப் பார்த்து, தேங்காய் எண்ணெய் போடச் சொன்னாள்.

எத்தனை பேரை அனுப்பியிருப்பேன்? பத்தொன்பது வருடத்தில் எத்தனை பேர் ஜெராக்ஸ் கடையில் நின்றிருப்பார்கள்?

ஏப்ரல் 26, புதன்

பேச்சியம்மாளுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு எதிர் ஜெராக்ஸ் கடை வாசலுக்கு லிங்கதுரையை வரச் சொல்லியிருந்தேன். அது வளாகத்துக்கு வெளியே, கோர்ட் உத்தரவுக்குக் குறை இல்லை. தகரப் பெட்டியின் அடியிலிருந்து சான்றிதழை எடுத்தேன். லாக்கரிலிருந்து செருப்பை எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன்.

ரோட்டைக் கடக்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் கடையின் ஓரத்தில் நின்றிருந்தான். ஆறு வாரத்தில் ஆளே பாதியாகியிருந்தான். காலில் புது ரப்பர் செருப்பு. என்னைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தான். அவனுக்கு என்னைக் கண்டு பயம். நான் அதற்குள் போய் நேருக்கு நேராக, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுவிட்டேன். ஜைனப் பார்த்திருந்தால் மார்க் போட்டிருக்க மாட்டாள்.

என் கையைத்தான் முதலில் பார்த்தான். மன்னிச்சிருங்க சிஸ்டர் என்றான். அதை அப்புறம் பேசுவோம் என்று சான்றிதழை நீட்டினேன். வழக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் வேண்டும், நான் கேட்க வாய் வரவில்லை. அவனே சட்டைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தான். ஆதார் இரண்டு, காப்பீட்டு அட்டை இரண்டு. மடிப்பில் கிழிந்து, வேர்வையில் மங்கிப்போயிருந்தன.

"அன்னைக்கி எடுத்தது. யாரும் வாங்கலையே சிஸ்டர்."

நான்கையும் வாங்கிக்கொண்டேன்.

"அது தேவைப்படல லிங்கதுரை. நீங்க சத்தம் போட்டீங்கன்னு நான்தான் பொய் சொல்லி அனுப்பினேன். நீங்க அவங்க பக்கத்துலயே நின்னிருக்கலாம்."

அவன் என்னையே பார்த்தான். கை மூடித் திறந்தது. இப்போது அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவன் அடிக்கவில்லை. கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். மெஷின் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. நானும் படியில், கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் உட்கார்ந்தேன். அவன் கேட்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

"அவ எதாச்சும் சொன்னாளா?"

பையிலிருந்து செருப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"கட்டிலுக்கு அடியில இது கிடந்தது. அவங்க பாத்துட்டாங்க. என் சேலையப் பிடிச்சு இழுத்து, 'அவுக செருப்பு போடாமப் போயிட்டாக, ரோடு சுடுமே'ன்னு சொன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல."

அவன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றை எடுத்து மடியில் வைத்தான். வார் அறுந்த இடத்தில் கறுப்பு நூலால் தைத்திருந்தது, அவள் தைத்ததாக இருக்கும்.

"சுட்டுது சிஸ்டர்," என்றான். "கொப்புளம் போட்டுட்டு. ஜெயில்லதான் பாத்தேன்."

அப்புறம் அழுதான். டென்ஷன் ஆகாதீங்க என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

எழுந்தபோது புதுச் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பழையதைப் போட்டுக்கொண்டு போனான். வளைவு திரும்பும்வரை நின்று பார்த்தேன்.

ஏப்ரல் 27, வியாழன்

படிவத்தைத் திருப்பி வாங்கி, 'குறிப்பிடும்படி எதுவும் இல்லை' என்பதை அடித்துவிட்டு எழுதினேன். நான்கு கோடு போதவில்லை. பின்பக்கம் முழுக்க எழுதி ஜைனபிடம் கொடுத்தேன். அடுத்த தடவை அச்சடிக்கும்போது அந்தப் பகுதிக்கு ஒரு முழுப் பக்கம் விடச் சொல்லுகிறேன் மேடம் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று தோன்றியது. ஷாஜியிடம் நான் இத்தனை நாளும் கதவை மறித்து நின்றுதானே கேட்டிருக்கிறேன்? அவர் வெளியேற வழியே விடவில்லை. செய்தி அனுப்பினேன்: 'தம்பி, இனி சத்தம் போட மாட்டேன். பொய்யன் என்று சொன்னது என் தப்பு. நீங்கள் அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.'

இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

சாயங்காலம் ஏழு மணி. துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, ஷாஜி.

ரொம்ப நேரம் மூச்சு மட்டும் கேட்டது. நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் ஜெபராஜ் நெஞ்சு எரிகிறது என்றாராம், வாயுதான் என்றாராம். ஷாஜி மாத்திரை வாங்கக் கிளம்பியிருக்கிறார். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. தனியே விட்டுவிட்டுப் போனேன் என்று சேச்சியிடம் எப்படிச் சொல்வது என்று உறக்கத்தில் போனதாகச் சொல்லிவிட்டாராம். இரண்டு வருடமாகத் தனக்கும் உறக்கம் இல்லை என்றார்.

அப்படியானால் யாரும் கேட்கவில்லை. எனக்கென்று ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை. இத்தனை நாள் தேடியது இல்லாத ஒன்றை. துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். சொன்னீர்களே தம்பி, அதுவே போதும் என்றேன். போதவில்லை, ஆனாலும் சொன்னேன்.

வைக்கப் போகும்போது ஷாஜி, ஒரு காரியம் சேச்சி என்றார். தான் கதவைத் திறக்கும்போது ஜெபராஜ் கட்டிலிலிருந்து கூப்பிட்டாராம். "நீ சாப்பிடவே இல்லயேடே. சாப்பிட்டுட்டு மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல."

அந்த 'டே' அவருடையதுதான். வேறு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எனக்குச் சொன்னதில்லை. ஷாஜிக்குச் சொன்னது. இருந்தாலும் அவர் சொன்னது. மறந்துபோகாமல் இங்கே எழுதி வைத்துவிட்டு, எழுந்து போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். மெதுவாகத்தான் சாப்பிட்டேன்.